பூஜ்யமும் இரண்டு மக்ரூன்களும்

உங்கள் மேலாளர் முதலில் என்னிடம் கேட்டது ஒரு சொற்பொழிவு. நான் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும். மறுநாளே போன் செய்து, "எழுதியே குடுத்திருங்க சார்" என்றார். எழுதுகிறேன். இடையில் எழுந்து போகிற சுதந்திரம் உங்களுக்கு உண்டு.

எந்தத் தெருவில் அழைப்பு அறுந்தது, எந்தக் கோபுரத்தின் அலை எந்தக் கோபுரத்தோடு முட்டிக்கொள்கிறது என்று கணக்கெடுக்கிற வேலை உங்களுடையது. போன மாதம் உங்கள் அறைக்கு வந்திருந்தேன். சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்கப் பச்சை. பச்சையாக இருந்தால் எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுகிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு பச்சை இருந்தது. திரை கிடையாது, கிராஃப் தாளில் பென்சிலால் பூஜ்யம் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பூஜ்யத்தால் சூசை என்ற லாஞ்ச் டிரைவரின் லைசென்ஸ் போகப் பார்த்தது. போயிருந்தால் அந்த மனிதர் அதற்குப் பிறகு தோணியில் உப்பு மூட்டை சுமந்துதான் பிழைத்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் பின்பாதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்துவிட்டது. ஆனாலும் உப்பு ஏற்ற வருகிற சில கப்பல்கள் பழைய வழக்கப்படி வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து தோணிகளில் உப்பு போகும். பாயை இறக்கிவிட்ட தோணியைக் கயிறு கட்டிக் கப்பல் ஓரத்துக்கு இழுத்துப்போக ஒரு லாஞ்ச், அதாவது மோட்டார் படகு, வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி அந்த வேலையைச் செய்தது. தூத்துக்குடியில் ஒரு லாஞ்ச், அதை ஓட்டியவர் சூசை. தெற்கே, ஆறுமுகநேரி உப்பளங்களுக்குக் கிழக்கே, கம்பெனிக்கு ஒரு சின்ன ஜெட்டி இருந்தது. அங்கே ஒரு லாஞ்ச், அதை ஓட்டியவர் லாசர். சூசையின் தங்கையைக் கட்டியவர். இந்த உறவு எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதை ஒரு தொழில்நுட்ப விவரமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நான் தாமிரபரணிக் கரைக்காரன். நெல்லைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் ஒரு மாதிரி. ஆனால் வயர்லெஸ் என்றால் பைத்தியம். கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருந்தேன். ஒரு நகரத்தைத் தேன்கூடு மாதிரி அறை அறையாகப் பிரித்து, ஓர் அறையில் பயன்படுத்திய அலைவரிசையையே கொஞ்சம் தள்ளியிருக்கிற இன்னோர் அறையிலும் பயன்படுத்தலாமாம். நீங்கள் சோறு தின்கிறதே அந்த யோசனையில்தான். அன்றைக்கு அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை எனக்கு.

கம்பெனிக்கு அரசாங்கம் கொடுத்திருந்தது ஒரே ஒரு அலைவரிசை. இன்னொன்று வேண்டுமென்றால் மனுப் போட்டுவிட்டு, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்து விசாரிக்கலாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுத் தூத்துக்குடிக்கு மட்டும் வயர்லெஸ் செட் வைத்தால் போதும் என்றார். நான் இரண்டு இடத்துக்கும் வைக்கலாம், ஒரே அலைவரிசை போதும் என்றேன். ஒன்றின் சத்தம் மற்றதற்குக் கேட்காதா என்று கேட்டார். ஏரியலை உயரத்தில் வைத்தால்தான் கேட்கும், இறக்கி வைத்தால் பூமியின் வளைவே மறைத்துவிடும் என்று தாளில் படம் போட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"எல்லா இன்ஜினியரும் இன்னும் அஞ்சடி ஒசத்திக் குடுங்கன்னு கேப்பான். எறக்கிக் குடுங்கன்னு கேக்க ஆள இப்பத்தான் பாக்கேன். செலவு கொறையும்லா, செய்யும்."

ஆறு மாதச் சோதனை. அழைப்பு போனதா, திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததா, ஒரு பேச்சுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று, இடைஞ்சல் உண்டா என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு. லாஞ்சுக்கு ஒன்று, கரையில் செட்டைக் கவனிக்கிற ஆளுக்கு ஒன்று. தூத்துக்குடிக் கரையில் அந்த ஆள் ஸ்டெல்லா அக்கா. வயர்லெஸ் அறையில் உட்கார்ந்து பூத்தையல் போட்டுக்கொண்டே லாஞ்ச், கப்பல், கரை மூன்றையும் மேய்ப்பார். தெற்கு ஜெட்டியில் ஒரு கிளார்க். கப்பலில் நிற்கிற டாலி கிளார்க்கிடம், அதாவது மூட்டை எண்ணுகிறவரிடம், ஒரு கைச் செட்.

மார்கழியிலும் தையிலும் நானே லாஞ்சில் போய் அளந்தேன். தினமும் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை. ஏன் காலையில் மட்டும்? என் அறிக்கையில் அதற்கு "கடல் அமைதியாக உள்ள நேரத்தில் சீரான அளவுகள் பெறும்பொருட்டு" என்று ஒரு காரணம் எழுதியிருந்தேன். உண்மை என்னவென்றால் பதினொன்றுக்கு மேல் அலை எழும்பும், எனக்கு வாந்தி வரும். எதையும் அளக்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லாததால் வாந்தியையும் அளந்தேன். என்ன சாப்பிட்டால் வருகிறது, எது சாப்பிட்டால் தாங்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரு டயரி. காலையில் இருந்து மாலை வரை வாயில் போட்ட அத்தனையும் நேரத்தோடு அதில் இருக்கும். சூசைக்கு இது பெரிய வேடிக்கை. "இன்னைக்கு இட்டிலியா தோசையா சார்?" என்று லாஞ்சில் கால் வைக்கும்போதே கேட்பார். தோசை என்றால் என்னை ஓரமாக, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக உட்கார வைப்பார்.

பேச்சு நேரத்தைக் குறைப்பதில் எனக்கு ஒரு வெறி. ஆரம்பத்தில் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் லாஞ்சின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருந்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில் ஒரு லாஞ்ச்தான், மற்ற இடத்துச் சத்தமோ கேட்கவே போவதில்லை, பிறகு பெயர் எதற்கு? எடுத்துவிட்டேன். நேரம் நன்றாகக் குறைந்தது, கிராஃப் அழகாக இறங்கியது. அதற்குப் பிறகு இரண்டு கரையிலும் எல்லா உத்தரவும் "ஏலே" என்று ஆரம்பித்தது.

மாசியிலிருந்து சித்திரை வரை நான் கடலுக்குப் போனது குறைவு. நோட்டுகள் வாராவாரம் மேஜைக்கு வந்தன. இடைஞ்சல் கட்டத்தில் சூசை கோடு கோடாக "இல்லை, இல்லை, இல்லை" என்று எழுதியிருந்தார். லாசரும் இல்லை. ஸ்டெல்லா அக்காவும் இல்லை. முத்து முத்தான கையெழுத்து அவருக்கு. கூட்டினேன். பூஜ்யம். சோதனைக் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். "இரு நிலையங்களுக்கிடையே குறுக்கீடு: பூஜ்யம்." படித்த கல்லூரிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். வந்து மாணவர்களுக்கு ஒரு உரை கொடுங்கள் என்று பதில் போட்டார்கள். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

சித்திரை முடிகிற சமயம், ஒரு மதியம். மேற்கிலிருந்து கச்சான் காற்று, கரையின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு கடல் பக்கம் வீசியது. சூசை ஒரு தோணியைக் கப்பலுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். தோணியில் தண்டலும், அதாவது தோணித் தலைவரும், நாலு ஆட்களும். கப்பல் ஓரம் சேர இன்னும் கொஞ்சம் தூரம். செட்டில் ஒரு ஆண் குரல்: "ஏலே, கயித்த விட்டுரு. விட்டுரு, விட்டுரு." கப்பலில் இரண்டு நாளாகப் புது டாலி கிளார்க், குரல் பழக்கமில்லை. கப்பலிலிருந்து கயிறு போட்டுத் தோணியைப் பிடித்துவிட்டார்கள் போல என்று நினைத்துச் சூசை கயிற்றை விட்டார். யாரும் பிடித்திருக்கவில்லை. பாய் இறக்கிய தோணி, காற்று தள்ளத் தள்ளக் கப்பலின் நங்கூரச் சங்கிலியில் போய் மோதியது. பக்கப் பலகை பிளந்தது. தண்டலுக்குக் கை முறிந்தது. சூசை லாஞ்சைத் திருப்பிக் கொண்டுபோய் ஐந்து பேரையும் ஏற்றினார். உப்பு, எங்கிருந்து எடுத்தோமோ அங்கேயே போய்ச் சேர்ந்தது.

புது டாலி கிளார்க் தான் வாயே திறக்கவில்லை என்று சத்தியம் செய்தார். கைச் செட் அப்போது தன் இடுப்பில் தொங்கியது என்றார், பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் ஆமாம் என்றார்கள். ஸ்டெல்லா அக்கா பெண் குரல். வேறு யார் சொல்லியிருக்க முடியும்? மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் என் அறிக்கை.

"தெக்கே பேசுனது இங்க கேட்டிருக்குமோ?"

"வாய்ப்பே இல்லை சார்."

எவ்வளவு வேகமாகச் சொன்னேன் தெரியுமா? அவர் கேள்வியை முடிப்பதற்குள் சொன்னேன். அப்படியானால் சூசை பொய் சொல்கிறார் அல்லது குடித்திருந்தார் என்றாகிறது என்றார். அடுத்த திங்கட்கிழமை விசாரணை, இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருகிறார், லைசென்சை ரத்து செய்யப் பரிந்துரைக்கப் போகிறோம், நீரும் வந்து உம்முடைய பூஜ்யத்தைச் சொல்லும் என்றார். சரி என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் அறிக்கை முதல் முறையாக ஒரு சபையில் அரங்கேறப் போகிறது.

சூசையிடம் போய்க் கேட்டேன். ஜெட்டியில் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். லாஞ்ச் சாவியை வாங்கிவிட்டார்கள்.

"ஆர்டர் வந்துச்சி, கயித்த விட்டேன். அம்புட்டுதான் சார்."

"எங்கேயிருந்து வந்தது?"

"பொட்டி ஒங்க பொட்டி. என்னக் கேட்டா?"

அதற்கு மேல் பேச மறுத்துவிட்டார். பேசாத மனிதர் குற்றவாளி என்று அந்த வயதில் நான் நினைத்தேன்.

விசாரணையில் காட்டுவதற்காக, எந்தெந்தத் தேதியில் நான் லாஞ்சில் போனேன் என்று பட்டியல் எடுக்க டயரியைப் புரட்டினேன். ஈஸ்டர் கழிந்த வியாழக்கிழமையில் விரல் நின்றது. என் கையெழுத்துதான். "காலை: இட்லி நான்கு. கடலுக்குப் போகவில்லை. மதியம்: மோர் சாதம். மாலை நான்கு மணி: மக்ரூன் இரண்டு. சூசை கொடுத்தார். தங்கைக்கு இன்று மதியம் ஆண் குழந்தை."

மக்ரூன் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்துச் சுட்டது, வாயில் வைத்தால் காணாமல் போகும். வயிற்றில் தங்குகிறதா என்று பார்க்கத்தான் எழுதி வைத்தேன். தங்கியது என்றும் எழுதியிருந்தேன்.

தங்கை இருப்பது லாசர் வீட்டில், தெற்கே. அங்கே போன் கிடையாது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அதுவும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, வந்தால். கம்பெனி லாரி இருட்டிய பிறகுதான் திரும்பும். இன்று மதியம் பிறந்த பிள்ளைக்கு இன்று மாலை நாலு மணிக்கு, அதுவும் கடைக்குப் போய் வாங்கி வந்து, ஒருவர் மக்ரூன் கொடுத்திருக்கிறார். ஆண் குழந்தை என்றுகூடத் தெரிந்திருக்கிறது. நான் அதைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, குறுக்கீடு பூஜ்யம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வயர்லெஸ் அறைக்கு ஓடினேன்.

"அக்கா, தங்கச்சிக்குப் பிள்ளை பொறந்தது சூசைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"செட்டுல கேட்டுச்சி." ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்.

"எந்தச் செட்டுல?"

"நீங்க வச்ச செட்டுலதான். வேற எவன் இங்க செட்டு வச்சிருக்கான்?"

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. கச்சான் அடிக்கிற நாளில் மதியத்துக்கு மேல், தெற்கே பேசுவது பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி கேட்குமாம். இங்கே யாரும் பேசாத நேரமாக இருந்தால் துளி இரைச்சல்கூட இல்லாமல் வருமாம். மாசியிலிருந்தே அப்படியாம். அயிலை மீன் எந்தப் பக்கம் படுகிறது, எந்தக் கோயிலில் கொடியேற்றம், யார் வீட்டில் சண்டை, எல்லாம் இந்த வழியாகத்தான் வந்து போகுமாம். சூசையும் லாசரும் மூன்று மணிக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்களாம். ஒரு வார்த்தை என்று சொல்லும்போது ஸ்டெல்லா அக்கா தையலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் தெரியும் தம்பி."

"எல்லாருக்கும்னா?"

"ஒங்களத் தவுர."

"என்கிட்ட ஏன் சொல்லலை? நோட்டில் எல்லாரும் இல்லை இல்லைன்னு எழுதியிருக்கீங்களே."

"நீங்க இடைஞ்சல் உண்டுமான்னுல்லா கேட்டிருந்திய. எங்களுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லியே."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா இப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தார். அறைச் சுவரில், கம்பெனி வேலை தவிர வேறு பேச்சுக்குச் செட்டைப் பயன்படுத்தினால் வேலை நீக்கம் என்ற அறிவிப்பு. நான் டைப் அடித்து ஒட்டியது. அதைக் கண்ணால் காட்டினார்.

"இத அப்பிடியே கொண்டு போயி மேனேஜர்ட்ட கொட்டுனியன்னா, சூசை அண்ணனுக்குக் கயிறு விட்ட குத்தம் போயி, கதை பேசுன குத்தம் வந்துரும். லாசரையும் சேத்து அனுப்பிருவாவ. அதான் அந்த மனுசன் வாயத் தொறக்கல. தங்கச்சி குடும்பம்லா."

இந்த இடத்தில் நான் உடனே சரியான முடிவை எடுத்தேன் என்று எழுத ஆசைதான். எடுக்கவில்லை. சட்டைப் பையில் கல்லூரிக் கடிதம் இருந்தது. நான் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும், என் அறிக்கை நிற்கும், உரை நிற்கும், தேன்கூடு நிற்கும். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அப்படித்தான் யோசித்தேன். அன்றைய டயரியில் மதியத்துக்கு நேரே "சாப்பிடவில்லை" என்று இருக்கிறது. கடலுக்குப் போகாமல் நான் சாப்பிடாமல் இருந்த ஒரே நாள்.

பிறகு அக்காவிடம் திரும்பப் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்த வியாழக்கிழமை பிள்ளை பிறந்ததைச் செட்டில் சொன்னது யார்? லாசரா? இல்லை என்றார். தெற்கு ஜெட்டி கிளார்க், லாஞ்சில் லாசருக்குத் துணையாக இருந்த ஆளிடம் சொன்னாராம்: லாசர் வரமாட்டான், அவன் வீட்டில் ஆம்பளப் பிள்ளை பிறந்திருக்கிறது, இன்றைக்கு நீயே லாஞ்சை எடு.

இது கம்பெனி வேலை. உத்தரவு. மூன்று மாதத்து ஊர்க்கதையில் சுத்தமான ஒரே துண்டு. அந்த ஒன்று எனக்குப் போதும்.

ஆனாலும் பாருங்கள், இன்ஜினியர் புத்தி போகுமா? டயரியைக் காட்டுவதை விடச் செட்டை வைத்தே நிரூபித்துவிடலாம் என்று தோன்றியது. திங்கட்கிழமை விசாரணை அறையில் ஒரு செட்டை வைத்து, தெற்கு கிளார்க்கை மூன்று மணியிலிருந்து விடாமல் எண்களைப் படிக்கச் சொல்லி லாரியில் சீட்டு அனுப்பினேன். மேனேஜரிடம், என் அறிக்கை தவறாக இருக்கலாம், நேரில் காட்டுகிறேன் என்றேன். நல்லது என்றார்.

திங்கட்கிழமை கச்சான் நின்றுவிட்டது. கிழக்கிலிருந்து கொண்டல், குளுகுளுவென்று.

அறையில் மேனேஜர், சர்வேயர், கையில் கட்டோடு தண்டல், மூலையில் சூசை, வாசலோரம் ஸ்டெல்லா அக்கா. செட்டைப் போட்டேன். இரைச்சல். மூன்றே கால். இரைச்சல். ஏரியலைத் திருப்பினேன். சூசை என்னையும் ஜன்னலில் ஆடுகிற திரைச்சீலையையும் மாறி மாறிப் பார்த்தார். காற்றைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும், சொல்லத்தான் மாட்டார். மூன்றரைக்கு மேனேஜர் சொன்னார்:

"இரைச்சல் சுத்தமாத்தான் கேக்குது. ஆக ஒம்ம அறிக்கை சரி. எழுதிருவமா?"

சர்வேயர் பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா மூடியின் சத்தம் எனக்கு இன்றும் கேட்கும். நிரூபணம் ஒன்றும் கையில் இல்லாமல், என் கையெழுத்துக்கு எதிராக நானே பேச வேண்டும்.

"சார், ஒரு டயரி இருக்கு," என்றேன்.

நானே வாசித்தேன். நடுவில் ஒரு வரியை மட்டும் வாசித்தால், நேற்று எழுதிச் சேர்த்ததாக இருக்கலாமே என்று சர்வேயர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே முந்தைய மூன்று வாரத்தையும் வாசிக்க வேண்டியிருந்தது. "இட்லி மூன்று. கடலில் வாந்தி, ஒரு முறை. பூரி. கடலில் வாந்தி, மூன்று முறை. வெறும் வயிறு. ஆனாலும் வாந்தி." தண்டல் நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சர்வேயர், போதும், நம்புகிறேன் என்றார். ஈஸ்டர் கழிந்த வியாழனுக்கு வந்தேன். மக்ரூன் இரண்டு. பிள்ளை மதியம், மக்ரூன் நாலு மணி. நடுவில் போன் இல்லை, பஸ் இல்லை, லாரி இல்லை. சேதி எந்த வழியாக வந்தது? தந்தி வந்திருக்கலாம் என்றார் சர்வேயர். தந்தி மறுநாள் காலையில்தான் சூசை வீட்டுக்கு வந்தது என்று ஸ்டெல்லா அக்கா சொன்னார், பக்கத்து வீடு அவருக்கு.

லாசருக்குப் பதிலாக லாஞ்சை எடுக்கச் சொல்லித் தெற்கு கிளார்க் கொடுத்த உத்தரவுதான் இங்கே செட்டில் கேட்டது என்றேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மெதுவாக.

"அன்னைக்கு எனக்கும் ஒரு பொட்டலம் வந்துச்சி," என்றார். "நானும்தான் தின்னேன்."

பிறகு சூசையைக் கேட்டார்: கேட்டது கேட்டது என்றால் ஏன் நோட்டில் இல்லை என்று எழுதினாய்? சூசை முதல் முறையாகத் தலை நிமிர்ந்தார்.

"தங்கச்சிக்குப் பிள்ளை பொறந்த சேதி எப்பிடி சார் இடைஞ்சலாவும்?"

"வேற ஏதும் கேட்டதுண்டுமா?" இந்தக் கேள்வியை மேனேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார். வாசலோரம் வளையல் சத்தம் நின்றது.

"கேட்டிருக்கலாம் சார். எழுத நோட்டில் கட்டம் இல்லை. கட்டம் போட்டவன் நான். லாஞ்ச் பேரைச் சொல்ல வேண்டாம்னு எடுத்ததும் நான்தான். பேர் இருந்திருந்தா அந்த உத்தரவு யாருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

தெற்கே விசாரித்து வந்தார்கள். அன்று அதே நேரத்தில், கிளார்க் சாப்பிடப் போயிருந்தபோது ஒரு மேஸ்திரி செட்டை எடுத்து லாசரின் லாஞ்சுக்கு, தோணி ஆழத்துக்கு வந்துவிட்டது, இனிப் பாய் விரித்துப் போய்க்கொள்ளும், கயிற்றை விட்டுவிடு என்று சொன்னது உண்மை. அங்கே அது நாள் ஒன்றுக்கு நாலு தடவை சொல்கிற வார்த்தை. சூசைக்கு லாஞ்ச் சாவி திரும்பக் கிடைத்தது. மேனேஜர் என் அறிக்கையின் முதல் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு என்னிடமே கொடுத்தார். கல்லூரிக்குக் கடிதம் எழுதி, உரை இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அவர்களும் வற்புறுத்தவில்லை.

கரைச் சூடு கடல் ஈரத்துக்கு மேல் போர்வை மாதிரி படுத்துக்கொண்டால், ரேடியோ அலை மேலே தப்பிப் போக முடியாமல் கடலோடு வளைந்து வெகு தூரம் போகும் என்பதை அதற்குப் பிறகு புத்தகத்தில் படித்தேன். அந்தப் புத்தகம் கல்லூரி நூலகத்தில், தேன்கூடு பத்திரிகைக்கு அடுத்த அலமாரியில், முன்பும் இருந்தது. நான் காலையில் அளந்தேன், குளிரில் அளந்தேன், என் வயிறு அனுமதித்த நேரத்தில் அளந்தேன். உங்கள் அளவுகளும் யாரோ ஒருவருடைய வயிற்றுக்கு ஏற்ற நேரத்தில் எடுக்கப்பட்டவைதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பயனாளர் புகார் இல்லை என்று அறிக்கை வந்தால், அவர்கள் வீட்டில் என்ன தின்றார்கள் என்றும் கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மறுவாரம் புது நோட்டு போட்டேன். லாஞ்ச் பெயர் திரும்பி வந்தது. உத்தரவைக் கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகே கயிற்றைத் தொட வேண்டும் என்று விதி வந்தது. இடைஞ்சல் கட்டத்தை அடித்துவிட்டு, "வேறு யார் குரல் கேட்டது? எத்தனை மணிக்கு? என்ன காற்று?" என்று மூன்று கட்டம். சுவரில் இருந்த அறிவிப்பைக் காற்று கொண்டுபோய்விட்டதாக ஸ்டெல்லா அக்கா சொன்னார். எந்தக் காற்று என்று நான் கேட்கவில்லை.

நோட்டு நிரம்பியது. "கச்சான். மூணு மணி. லாசர். பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஞாயித்துக்கிழமை." "கச்சான். மூணே முக்கால். தெக்கு கிளார்க். உப்பு ஈரம், நாளைக்குத்தான் தோணி." "கச்சான். ரெண்டரை. லாசர். பிள்ள குப்புற விழுந்துட்டான்." என் வாழ்நாளில் அதை விட நல்ல குறுக்கீட்டு அளவுகள் எனக்குக் கிடைத்ததில்லை. அதை வைத்துத்தான் இரண்டாவது அறிக்கை எழுதினேன். அலைவரிசை இன்னொன்று வேண்டும் என்ற மனுவோடு அது சேர்ந்து போனது, சீக்கிரமே கிடைத்தது. தெற்கு ஜெட்டியைப் புது அலைவரிசைக்கு மாற்றினேன். இனி கச்சான் எவ்வளவு அடித்தாலும் ஒன்றின் சத்தம் மற்றதில் விழாது. முதல் நாள் மதியம் நானே செட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டேன். சுத்தம். இந்தத் தடவை நிஜமான பூஜ்யம்.

அந்த வார நோட்டு வந்தது. அடியில் புகார் என்று ஒரு கட்டம், அதுவரை ஒருவரும் எழுதாதது. அதில் சூசையின் கையெழுத்து, கொஞ்சம் அழுத்தமாக:

"நாலு நாளா நல்ல கச்சான். தெக்கேயிருந்து ஒரு சத்தமும் இல்ல. செட்டு ரிப்பேர். உடனே வந்து பாக்கவும்."